பாஸ்புக்கில் யார் பெயர்? வங்கிக் கணக்குகளும் கார்டுகளும்: நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளியை விட்டு இறங்கும்போது, 15 வயதுப் பையன் ஒருவன் துணிப்பையுடன் வந்து நின்றான். அவனுடைய வாப்பா வளைகுடாவில் மௌத்தாகி 40 நாள்கூட ஆகவில்லை. உம்மா இத்தாவில் இருக்கிறார். "உம்மா இதைக் கொடுத்துட்டு வரச் சொன்னாங்க ஹஜ்ரத். இதுல எதுல பணம் எடுக்கலாம், எது எங்களுக்கு வரும்னு கேக்கச் சொன்னாங்க" என்றான். பையில் மூன்று பாஸ்புக், இரண்டு கார்டு, ஒரு செக் புத்தகம்.

ஏழு வருடம் மதரசாவில் ஓதி, பிறகு பி.ஏ.வும் முடித்தவன் நான். பாகப்பிரிவினைக் கணக்கு யார் எப்போது கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் அந்த மூன்று பாஸ்புக்கையும் விரித்து வைத்துப் பார்த்தபோது எது என்ன என்று எனக்கே விளங்கவில்லை. ஒன்றில் இரண்டு பெயர். ஒன்றில் ஒரே பெயர், மேலே என்.ஆர்.இ. என்று ஒரு முத்திரை. மற்றொன்று இரண்டு வருடமாக வரவு செலவே இல்லாதது. பையனின் பெரியத்தாவை அழைத்துக்கொண்டு மறுநாள் வங்கிக்குப் போனேன். அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டதையும் அதன் பிறகு தேடிப் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

வங்கி என்றதும் நம் சகோதரர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி வட்டியைப் பற்றியது. கேட்க வேண்டிய கேள்விதான், அதற்கும் வருகிறேன். ஆனால் அதற்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு. இது எந்த வகைக் கணக்கு, யார் பெயரில் இருக்கிறது, நான் இல்லாத நாளில் இதை யார் தொட முடியும்? என் மஹல்லாவில் நான் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்த பணச் சண்டைகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வந்தவை.

சேமிப்புக் கணக்கும் அதன் வட்டியும்

காரைக்காலில் வங்கிக் கணக்கு இல்லாத வீடு இன்று அரிது. அதற்குப் பாதிக் காரணம் சபர், மீதிக் காரணம் ரேஷன் அரிசி. அரிசிக்குப் பதிலாக அதற்கான பணத்தை நேரடியாகக் கணக்கில் போடும் திட்டத்தை மத்திய அரசு 2015 செப்டம்பரில் முதலில் தொடங்கிய இடங்கள் சண்டிகரும் நம் புதுச்சேரி யூனியன் பிரதேசமும்தான். அதுவரை பையோடு ரேஷன் கடைக்குப் போன பெண்கள் பாஸ்புக்கோடு வங்கி வரிசையில் நிற்கப் பழகினார்கள். அது நல்லதா கெட்டதா என்று நம் ஊரில் நடந்த அரசியல் சண்டை வேறு கதை. ஆனால் அப்படித்தான் பல வீடுகளில் பெண்ணின் பெயரில் முதன்முதலாக ஒரு கணக்கு வந்தது.

அப்படித் திறக்கப்பட்டவற்றில் பல, அடிப்படை சேமிப்புக் கணக்குகள். நம் மக்கள் இதை 'ஜீரோ பேலன்ஸ்' என்பார்கள். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை, ஏ.டி.எம். கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது. மாதம் நான்கு முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். ரிசர்வ் வங்கி 2012 முதல் எல்லா வங்கிகளும் இதைத் தர வேண்டும் என்று வைத்திருக்கிறது. இந்தக் கணக்கு வைத்திருப்பவர் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கிய ஜன் தன் திட்டத்தின் கணக்குகளும் இந்த வகைதான். அவற்றுடன் வரும் ரூபே கார்டுக்கு விபத்துக் காப்பீடு உண்டு. 2018 ஆகஸ்ட் 28க்குப் பின் திறந்த கணக்கானால் 2 லட்சம் ரூபாய். ஆனால் விபத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் அந்தக் கார்டை ஒரு தடவையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். பீரோவுக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்த கார்டுக்குக் காப்பீடு கிடைக்காது.

சாதாரண சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு குறைந்தால் அபராதம் பிடிப்பார்கள். ஸ்டேட் வங்கி இதை 2020இல் நீக்கியது. நம் ஊரில் அதிகம் புழங்கும் இந்தியன் வங்கி 2025 ஜூலையில் நீக்கியது. தனியார் வங்கிகள் பலவற்றில் இன்னும் உண்டு. கணக்குத் திறக்க வரும் இளைஞர் சிரித்த முகத்துடன் கொடுக்கும் படிவத்தில் இந்தத் தொகையைத்தான் முதலில் தேடிப் பார்க்க வேண்டும்.

இனி வட்டி. சேமிப்புக் கணக்கில் தினசரி இருப்பைக் கணக்கிட்டு, பெரும்பாலான வங்கிகளில் ஆண்டுக்கு 2.5 முதல் 3 சதவீதம் வரை வட்டி கொடுக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் ஏறும். பாஸ்புக்கில் அந்த வரி தனியாகவே அச்சாகும்; எனவே எவ்வளவு என்று தெரியாது என்ற சாக்கு நமக்கு இல்லை. அதைத் தன் உபயோகத்துக்கு எடுக்காமல், நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதே உலமாக்கள் பலரும் சொல்லும் வழி. ஆண்டுக்கு ஒருமுறை, ஜகாத் கணக்குப் பார்க்கும் அதே நாளில் இதையும் கூட்டி எடுத்துவிடுவது என் பழக்கம்.

வட்டியே வேண்டாம் என்பவர்களுக்கு நடப்புக் கணக்கு உண்டு. கடைக்காரர்களுக்கும் நிறுவனங்களுக்கும் உரியது அது. ரிசர்வ் வங்கி விதிப்படி அதற்கு வட்டி கிடையாது. ஆனால் வைக்க வேண்டிய இருப்பு அதிகம், கட்டணங்களும் அதிகம். நம் கடைத்தெரு வியாபாரிகளில் சிலர் இன்னும் கடை வரவை வீட்டுச் சேமிப்புக் கணக்கிலேயே போடுகிறார்கள். கடை ஓடுகிற வரை ஒன்றும் தெரியாது. பங்காளிக்குள் மனக்கசப்பு வரும் நாளில் எது கடைப் பணம், எது வீட்டுப் பணம் என்று யாராலும் பிரிக்க முடியாது.

வட்டியில்லா வங்கி இந்தியாவில் வராதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சுருக்கம். ரகுராம் ராஜன் தலைமையிலான நிதித்துறைச் சீர்திருத்தக் குழு 2008இல் தந்த அறிக்கையில் வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. அதன் பிறகு ரிசர்வ் வங்கிக்குள் பல ஆண்டுகள் ஆய்வு நடந்தது. 2017 நவம்பரில், இந்த யோசனையை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று முடிவாகிவிட்டதாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது.

நிரந்தர வைப்பு, தொடர் வைப்பு இரண்டும் வட்டிக்காகவே இருப்பவை. அவற்றைப் பற்றி இங்கே நீட்டப் போவதில்லை. ஒன்று மட்டும். எந்த வகைக் கணக்காக இருந்தாலும், வங்கி மூழ்கினால் ஒருவருக்கு ஒரு வங்கியில் காப்பீடு 5 லட்சம் ரூபாய்தான். ஒரே வங்கியின் காரைக்கால் கிளையிலும் நாகூர் கிளையிலும் பிரித்துப் போட்டாலும் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். 2020 பிப்ரவரிக்கு முன் இது வெறும் 1 லட்சமாக இருந்தது.

சபராளிகளின் கணக்குகள்

நம் வீடுகளில் குழப்பம் அதிகம் இங்கேதான். ஊரில் இருக்கும்போது திறந்த சேமிப்புக் கணக்கு ஒன்று இருக்கும். விசா வந்து துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுவார். கணக்கு அப்படியே இருக்கும். அதிலேயே பணமும் வந்துகொண்டிருக்கும். இது விதிமீறல் என்று பத்தில் எட்டுப் பேருக்குத் தெரியாது.

1999ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் பார்ப்பது பாஸ்போர்ட்டை அல்ல, வசிப்பிடத்தை. வேலைக்காக வெளிநாடு போகிறவர் புறப்பட்டது முதலே அந்தச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டில் வசிப்பவர். அவர் வங்கிக்குத் தெரிவித்துப் பழைய கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். மறுபக்கம், பிரெஞ்சுக் குடியுரிமையோடு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு காரைக்காலிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் நம் பெரியவர், இந்தச் சட்டப்படி பொதுவாக உள்ளூர்வாசிதான். மகன் இந்தியப் பாஸ்போர்ட்டுடன் வெளிநாட்டுவாசி, அத்தா பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டுடன் உள்ளூர்வாசி. இப்படி ஒரே வீட்டில் இருப்பது நம் ஊரின் தனி விசேஷம்.

என்.ஆர்.ஓ. கணக்கு, இந்தியாவில் வரும் வருமானத்துக்கு உரியது. கடை வாடகை, நிலக் குத்தகை, இங்குள்ள ஓய்வூதியம் இதில் சேரும். இதன் வட்டிக்கு இங்கே வரி பிடிப்பார்கள். இதிலிருந்து வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்ப ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் என்ற உச்சவரம்பும், வரி கட்டியதற்கான தாள்களும் உண்டு. என்.ஆர்.இ. கணக்கு, வெளிநாட்டில் சம்பாதித்த பணத்துக்கு உரியது. ரூபாயில்தான் இருக்கும், ஆனால் தடையில்லாமல் திருப்பி எடுத்துப் போகலாம், இங்கே அதன் வட்டிக்கு வரி இல்லை. ஊர் வாடகையை என்.ஆர்.இ.யில் ரொக்கமாகப் போட முடியாது. எஃப்.சி.என்.ஆர். என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது: டாலர், யூரோ போன்ற அயல்நாட்டு நாணயத்திலேயே 1 முதல் 5 ஆண்டு வரை போடும் வைப்பு. அது வட்டிக்கான வைப்பு என்பதால் தாண்டிப் போகிறேன்.

சபரை முடித்து ஊரோடு வந்துவிட்டால் என்.ஆர்.இ. கணக்கையும் உள்ளூர்க் கணக்காக மாற்றியாக வேண்டும். திரும்பி வந்து பத்து வருடமாகியும் 'என்.ஆர்.இ.க்கு வரியில்லை' என்று வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

இனி முக்கியமான விஷயம். என்.ஆர்.இ. கணக்கில் ஊரில் இருக்கும் மனைவியையோ வேறு நெருங்கிய உறவையோ சேர்க்கலாம். ஆனால் 'முதலாமவர் அல்லது எஞ்சியிருப்பவர்' என்ற முறையில் மட்டுமே. அதாவது முதல் பெயருக்குரியவர் உயிரோடு இருக்கும் வரை அவர்தான் இயக்குவார். அவருக்குப் பிறகே இரண்டாமவருக்கு. இடையில் வீட்டுச் செலவுக்கு மனைவி எடுக்க வேண்டுமானால் அதிகாரப் பத்திரம் எழுதி வங்கியில் பதிய வேண்டும். இதைச் செய்யாமல், கணவரின் கார்டையும் பின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்வதுதான் நம் வீடுகளின் வழக்கம்.

அந்த வழக்கம் எங்கே கொண்டு விடும் என்பதற்கு பெங்களூரில் நடந்த ஒரு வழக்கு. 2013 நவம்பரில், பிரசவ விடுப்பில் வீட்டில் இருந்த ஒரு பெண் தன் கார்டையும் பின்னையும் கணவரிடம் கொடுத்து 25,000 ரூபாய் எடுத்து வரச் சொன்னார். இயந்திரத்திலிருந்து பணம் வரவில்லை. சீட்டு மட்டும் வந்தது, கணக்கிலிருந்து தொகை குறைந்தது. கார்டை வேறொருவரிடம் கொடுத்ததே விதிமீறல் என்றது வங்கி. நுகர்வோர் மன்றம் 2018இல் வங்கியின் பக்கமே தீர்ப்பளித்தது. கணவன் மனைவிக்குள் என்ன என்று நாம் கேட்கலாம். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, நாம்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

உம்மா பெயரில் போட்ட பணம்

மனைவியைவிட உம்மாவின் கணக்குக்கோ தம்பியின் கணக்குக்கோ அனுப்புவது நம்மிடம் பழைய வழக்கம். நம்பிக்கையும் அன்பும் அதற்குக் காரணம், குறை சொல்லவில்லை. ஆனால் வங்கிக்கு அது உம்மாவின் பணம். 15 வருடம் ஒரு மகன் அனுப்பியதில் வீட்டுச் செலவு போக மிஞ்சியது அந்தக் கணக்கிலேயே கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உம்மா மௌத்தாகிவிட்டால், அது மகனின் அமானிதமா, உம்மாவுக்குக் கொடுத்த அன்பளிப்பா? அமானிதம் என்றால் முழுதும் மகனுக்கு. அன்பளிப்பு என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு. இரண்டு பக்கமும் ஆள் இருக்கும். எழுத்து எங்கும் இருக்காது.

குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. அல்பகரா அத்தியாயத்தின் 282வது வசனம் அது. கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு, சாட்சியோடு எழுதி வைக்கச் சொல்வது. அனுப்பும் மகன் ஒரு தாளில், ஏன், ஒரு வாட்ஸப் செய்தியிலாவது, மாதம் இவ்வளவு வீட்டுக்கு, மீதி என்னுடையது என்று எழுதி வைத்தால் பிற்காலத்தில் கூடப்பிறந்தவர்கள் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள்.

நாமினி வாரிசு அல்ல

அந்தப் பையன் கொண்டுவந்த பைக்குத் திரும்புகிறேன். என்.ஆர்.இ. கணக்கு அவனுடைய வாப்பாவின் பெயரில் மட்டும் இருந்தது. நாமினியாக இருந்தது யார் தெரியுமா? பெரியத்தா. கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்கு. அப்போது எழுதிய பெயர் அப்படியே இருந்துவிட்டது.

மௌத்தானவருக்குப் பெற்றோர் இல்லை. மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். பாகப்பிரிவினைச் சட்டப்படி பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகள்களுக்கு ஒவ்வொரு பங்கு. மொத்தத்தை 32 பாகமாக்கினால் மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள்கள் ஒவ்வொருவருக்கும் 7. கடனும் வஸிய்யத்தும் தீர்த்த பிறகுதான் இந்தப் பிரிவினை. மகன் இருப்பதால் சகோதரருக்கு ஒன்றும் இல்லை. ஆக, ஷரீஅத்தில் ஒரு பைசாகூடப் பங்கில்லாத மனிதரின் கையில்தான் வங்கி முழுத் தொகையையும் கொடுக்கப் போகிறது.

வங்கி செய்வது தவறில்லை. நாமினியிடம் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது, அவ்வளவுதான். பணத்தின் உரிமை அவருக்குப் போய்விடுவதில்லை. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் நாமினி பிரிவைப் பற்றிய வழக்கொன்றில் 2010இல் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது: நாமினி பெற்றுக்கொள்பவர், சொந்தக்காரர் அல்ல. சட்டமும் ஷரீஅத்தும் இந்த இடத்தில் ஒன்றாக நிற்கின்றன. ஆனாலும் 'நாமினி என் பேருதான், அதனால பணம் எனக்குத்தான்' என்று சொல்லும் மகன்களை நான் பார்த்திருக்கிறேன். அக்கா தங்கைகளின் பங்கு அப்படித்தான் காணாமல் போகிறது.

கூட்டுக் கணக்கிலும் இதே கதைதான். 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர்' என்று எழுதியிருந்தால், இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்; ஒருவர் போனபின் மற்றவர் எடுக்கலாம். வீட்டு அவசரத்துக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை, கணவன் மனைவி ஊரில் இருந்தால் இதையே சிபாரிசு செய்வேன். ஆனால் எஞ்சியிருப்பவர் எடுக்கலாம் என்பது வேறு, அவருக்கே முழுதும் சொந்தம் என்பது வேறு. அவரவர் போட்டது அவரவருடையது. மௌத்தானவர் போட்டது வாரிசுகள் எல்லோருக்கும் உரியது. 'இருவரும் சேர்ந்து' என்று எழுதிய கணக்கில் ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் பணம் அசையாது.

மௌத் செய்தி வந்த இரவே கார்டை எடுத்துக்கொண்டு ஏ.டி.எம்.முக்கு ஓடும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடக்கச் செலவுக்கு என்று தொடங்கும். பிறகு எவ்வளவு எடுத்தது, எதற்கு எடுத்தது என்று வாரிசுகளுக்குள் சந்தேகம் வளரும். கணக்குக்குரியவர் இறந்துவிட்டால் அந்தக் கார்டைப் பயன்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. வங்கிக்குத் தெரிவித்துவிட்டு முறைப்படி கேட்பதே வழி. இறந்தவர்களின் கணக்குகள் பற்றி ரிசர்வ் வங்கி 2025இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, தேவையான தாள்கள் எல்லாம் கொடுத்த 15 நாளுக்குள் வங்கி பணத்தைத் தீர்த்துத் தர வேண்டும்.

கார்டுகள்

எல்லாக் கார்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். ரூபே, விசா, மாஸ்டர்கார்டு என்று மேலே இருப்பது பணம் எந்தப் பாதையில் போகிறது என்பதன் பெயர் மட்டுமே. ரூபே 2012இல் தொடங்கிய நம் நாட்டுப் பாதை. கார்டு எந்த வகை என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. டெபிட் கார்டு உங்கள் பணத்தை எடுக்கிறது. ப்ரீபெய்டு கார்டு நீங்கள் முன்பே அதில் ஏற்றி வைத்த பணத்தை எடுக்கிறது. கிரெடிட் கார்டு வங்கியின் பணத்தை எடுக்கிறது, அதாவது கடன்.

டெபிட் கார்டில் வட்டிப் பிரச்சினை இல்லை. கட்டணம் மட்டும் உண்டு. சொந்த வங்கியின் ஏ.டி.எம்.மில் மாதம் ஐந்து முறை இலவசம். பெருநகரம் அல்லாத நம் ஊரில் பிற வங்கி ஏ.டி.எம்.மிலும் ஐந்து முறை. அதற்கு மேல் ஒவ்வொரு தடவையும் 23 ரூபாய் வரை பிடிக்கலாம் என்று 2025 மே முதல் வைத்திருக்கிறார்கள், வரி தனி.

கிரெடிட் கார்டின் கணக்கை ஒரு முறை பென்சில் பிடித்துப் போட்டுப் பார்ப்பது நல்லது. பில் 20,000 ரூபாய் வருகிறது. கெடுவுக்குள் முழுதும் கட்டினால் வட்டி இல்லை. பில்லின் கீழே 'குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 1,000' என்று போட்டிருப்பார்கள். அதுவும் சலுகைபோலத் தோன்றும். 1,000 கட்டினால் மீதி 19,000க்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் 665 ரூபாய், அதன் மேல் 18 சதவீத வரி சுமார் 120. மறுமாதமும் 1,000 கட்டினால் அதில் ஏறக்குறைய 785 வட்டிக்கே போய், அசலில் குறைவது 215. நிஜத்தில் இன்னும் மோசம்: வட்டியைப் பொருள் வாங்கிய நாளிலிருந்தே போடுவார்கள், புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாக் கெடு கிடைக்காது. கிரெடிட் கார்டைப் போட்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால் அந்த நிமிடத்திலிருந்தே வட்டி. மீட்டர் வட்டிக்காரனைப் பற்றி நாம் பேசாத பேச்சில்லை. அவனைவிட இது குறைவா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டிவிடுவேன், அப்போது கூடுமா? 2000இல் ரியாத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, தாமதத்துக்கு வட்டி என்ற நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருந்தால், கெடுவுக்குள் கட்டும் எண்ணம் இருந்தாலும் அந்தக் கார்டு கூடாது என்று தீர்மானித்தது. வேறு வழியில்லாத இடங்களில், உரிய நேரத்தில் கட்டும் உறுதி இருந்தால் இடமுண்டு என்று சொல்லும் இக்கால உலமாக்களும் இருக்கிறார்கள். என் கருத்து, டெபிட் கார்டிலும் யு.பி.ஐ.யிலும் எல்லாம் முடிகிற நம் ஊரில் இதற்கான அவசியம் மிகக் குறைவு. 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்று மொபைல் கடையில் சொல்வதையும் நம்பாதீர்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லை, அது வேறு பெயரில் வசூலிக்கப்படுகிறது என்று 2013இல் ரிசர்வ் வங்கியே சொல்லியாகிவிட்டது. கேட்காமலே வீட்டுக்கு கிரெடிட் கார்டு வந்தால் அதை ஏற்க வேண்டியதில்லை; கேட்காத கார்டை அனுப்புவதே 2022ஆம் ஆண்டு நெறிமுறைப்படி தடை.

புதிய கார்டு எதுவானாலும் இந்திய ஏ.டி.எம்.மிலும் கடை இயந்திரத்திலும் மட்டும்தான் முதலில் வேலை செய்யும். ஆன்லைன், வெளிநாடு, தொட்டுக் கட்டும் வசதி மூன்றையும் நாமே திறக்க வேண்டும். ஊரில் இருக்கும் உம்மாவின் கார்டில் இந்த மூன்றும் தேவையில்லை என்றால் மூடியே இருக்கட்டும். பின் இல்லாமல் தொட்டால் 5,000 ரூபாய் வரை போய்விடும்.

ஏமாந்துவிட்டால் நேரம்தான் பணம். நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் இடையில் யாரோ எடுத்திருந்தால், வங்கியின் செய்தி வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும். நான்கு முதல் ஏழு நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்காரர் 10,000 வரை இழக்க நேரும். ஓ.டி.பி.யை நாமே சொல்லிக் கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போனது நம் தலையில். எனவே முதல் வேலை வங்கிக்கு போன், அடுத்தது 1930. 'மானமா போயிடும், யாருகிட்டயும் சொல்லாதே' என்று இரண்டு நாள் மறைத்து வைத்துப் பணத்தை இழந்த பெண்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ஏமாற்றப்பட்டதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

ஜமாஅத் பணமும் தனிக் கணக்கும்

இதில் குற்றவாளி நானேதான். ஒரு ரமலானில் ஃபித்ரா பணத்தை என் மொபைல் எண்ணுக்கே அனுப்பச் சொல்லிவிட்டேன். வசதியாக இருந்தது. பெருநாள் முடிந்து பார்த்தால் என் சம்பளம், ஃபித்ரா, யாரோ ஒருவர் அனுப்பிய ஜகாத் எல்லாம் ஒரே கணக்கில் கலந்து கிடக்கின்றன. மூன்று நாள் உட்கார்ந்து பிரித்தேன். பள்ளிக்கும் மதரசாவுக்கும் பைத்துல்மாலுக்கும் அதனதன் பெயரில் கணக்கு வேண்டும். இரண்டு பேராவது கையெழுத்துப் போடும்படி இருக்க வேண்டும். தலைவர் மாறினால் வங்கியிலும் பெயரை மாற்ற வேண்டும்.

இதில் காரைக்காலுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் பார்ப்பது வசிப்பிடத்தை அல்ல, குடியுரிமையை. துபாயில் வேலை செய்யும் இந்தியப் பாஸ்போர்ட்காரர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர், சிங்கப்பூர் குடிமகன் ஆகிவிட்டவர், நம் தெருவில் பிறந்தவராகவே இருந்தாலும், கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. ஓ.சி.ஐ. கார்டு இருந்தாலும் அப்படித்தான். அதைப் பெற அந்தச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சகத்தில் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2021 ஏப்ரல் முதல் அத்தகைய பணம் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். பாரிஸிலிருந்து வரும் சகோதரர் நல்லெண்ணத்தில் பள்ளிக் கணக்குக்கு அனுப்பும் தொகை நிர்வாகிகளை விசாரணைக்கு இழுத்துவிடலாம். வாங்கும் முன் பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

அந்தப் பாஸ்புக்குகள்

இரண்டு பெயர் இருந்த பாஸ்புக், கணவனும் மனைவியும் சேர்ந்து திறந்தது. எஞ்சியிருப்பவர் எடுக்கலாம் என்று இருந்தது. இறப்புச் சான்றிதழ் கொடுத்ததும் வங்கி அவர் பெயருக்கு மாற்றித் தந்தது. வீட்டுச் செலவு அதில் ஓடியது.

வரவு செலவே இல்லாதது அவருடைய ஜீரோ பேலன்ஸ் கணக்கு. இரண்டு வருடம் நாமாக எதுவும் செய்யாவிட்டால் கணக்கைச் செயலற்றது என்று ஒதுக்கிவிடுவார்கள். பணம் எங்கும் போகாது. ஆதார் கொடுத்துப் புதுப்பித்தோம். பத்து வருடம் கடந்தால் தொகை ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரியவர் கேட்டு வாங்கலாம். உங்கள் வாப்பா, அப்பா பெயரில் அப்படி மறந்துபோன கணக்கு இருக்கிறதா என்று பார்க்க 2023இல் தொடங்கிய 'உத்கம்' என்ற இணையதளம் உண்டு. பெயரும் பான் எண் போன்ற ஓர் அடையாளமும் கொடுத்துத் தேடலாம்.

என்.ஆர்.இ. பணத்தைப் பெரியத்தா நாமினி என்ற முறையில் வாங்கினார். வாங்கிய அன்றே நான்கு வங்கிச் சீட்டுகளை என் முன் வைத்து, "32ல பிரிச்சு எழுதுங்க ஹஜ்ரத்" என்றார். எல்லாப் பெரியத்தாக்களும் அப்படி இருந்துவிட்டால் எனக்கு இந்தக் கட்டுரையே எழுத வேண்டியிருந்திருக்காது.

இத்தா முடிந்ததும் அந்தச் சகோதரி தன் பெயரில் ஒரு கணக்கு திறந்தார். நாமினி இடத்தில் யார் பெயரை எழுதுவது என்று கேட்டு ஆள் அனுப்பினார். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை எழுதலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் போடலாம் என்று சொல்லி அனுப்பினேன். சதவீதத்தைப் பாகப்பிரிவினை என்று நினைத்துவிட வேண்டாம், யாருக்கு எவ்வளவு என்பது மௌத்தான நேரத்தில் யார் இருக்கிறார்களோ அதை வைத்துத்தான் என்றும் சேர்த்துச் சொன்னேன். மூன்று பிள்ளைகளின் பெயரையும் எழுதினார். மூவரும் சிறுவர்கள் என்பதால், அவர்கள் சார்பில் பணத்தைப் பெற்றுக்கொள்ள ஒரு பெரியவரின் பெயரும் படிவத்தில் வேண்டும். பெரியத்தாவின் பெயரையே எழுதியிருக்கிறார்.